குளிர்பொறியில் நீலம்

ஜனவரி 14, செவ்வாய். இன்று வகுப்பில் ஒரு சிறு தவறு செய்தேன்.

வரிசை எனக்குத் தெரியும். முதலில் திரவ நைட்ரஜன் குடுவையை இறக்க வேண்டும். பிறகுதான் பம்பை நிறுத்த வேண்டும். ஆனால் செவ்வாய்தோறும் பக்கத்து அறையில் பாட்டுக்குழுப் பயிற்சி. பம்பு இரைச்சல் இடைஞ்சல் என்று ஏழரைக்குச் சுவரில் தட்டுவார்கள். தட்டியதும் பம்பை நிறுத்துவது எங்கள் மாலை வகுப்பின் வழக்கம். தட்டினார்கள். நிறுத்தினேன். காற்று வால்வைத் திறந்தேன். குளிர்பொறி, அதாவது ஈதர் ஆவியைக் குளிர்வித்துப் பிடிக்கும் கண்ணாடிக் குழாய், நைட்ரஜனுக்குள் மூழ்கியே இருந்தது.

பம்பு ஓய்ந்த பிறகும் ஏதோ மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. மெல்லிய, நிற்காத உறிஞ்சல். குடுவை விளிம்பில் வழிந்து மேசையில் தவழ்ந்த வெண்புகை. சுவருக்கு அப்பால் ஒரே சுரத்தைப் பிடித்து நின்ற பெண்குரல்கள். தொண்டையில் இனித்த ஈதர் வாசனை. நான் குறிப்பெழுதிக்கொண்டிருந்தேன். பத்து நிமிடம். பதினைந்தாகவும் இருக்கலாம்.

என் கூட்டாளி ராய்ஸ், டுலூத் நகரக் காகித ஆலைக்காரன், குடுவையை இறக்கிப் பார்த்தான்.

"மார்னி, இங்க பாரேன். நீலமா இருக்கு. என்னத்தைக் கலந்து தொலைச்ச?"

குழாயின் அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு வெளிர்நீலத் திரவம். காற்றிலிருந்து குளிர்ந்து திரண்ட ஆக்ஸிஜன். அதோடு எங்கள் ஈதர்.

"தொடாத ராய்ஸ். புகைக்கூண்டுக் கண்ணாடியை இறக்கிட்டு வெளிய வா. அது... வெடிக்கும்னு நினைக்கிறேன்."

"நினைக்கிறியா? போன வாரம் ஐஸ் பெட்டி புகைஞ்சதுக்கே நீ நடுங்கின ஆளு."

"ராய்ஸ், வா."

"லோரேன் கார்ல காத்திருக்கா. கழுவி வெச்சுட்டுக் கிளம்புறேன், தாயே."

நான் கதவை நோக்கி நடந்தேன். அவனைப் பிடித்து இழுத்திருக்கலாம். வெடிக்குமா என்று எனக்கே நிச்சயமில்லை.

திரும்பினேன். நீலம் கொதித்தது. அவன் இடது கை குழாயின் கழுத்தில். திருகினான்.

வெள்ளை.

சத்தம் கேட்கவில்லை. எதுவுமே கேட்கவில்லை. கூரையிலிருந்து கண்ணாடி பெய்தது. ராய்ஸ் நின்றுகொண்டிருந்தான். இடது முழங்கைக்குக் கீழே ஒன்றுமில்லை. முகம் இருந்த இடத்தில் ஒரு குமிழி. அது ஊதியது. அடங்கியது. ஊதியது. பிறகு இல்லை.

வாசலில் பாட்டுக்குழுப் பெண்கள். எல்லா வாயும் திறந்திருந்தன.

வீட்டில் ஆய்வக அங்கியைக் கழற்றியபோது பையில் ஏதோ கனத்தது.

நாளை காலை எட்டு மணி: லோரேனிடம் ராய்ஸின் திருமண மோதிரத்தைக் கொடுக்க வேண்டும். முதலில் அதை விரலிலிருந்து கழற்ற வேண்டும்.