இரண்டாம் மாடியில் நின்ற செருப்பு

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு சர்ச் மூப்பர் அந்தக் கட்டடத்து வாசலில் வந்து நின்றார். நாலாம் மாடித் தையல்காரம்மாவை அடக்கம் பண்ணி மூன்று நாள் ஆகிறது. சபையிலிருந்து கொடுத்திருந்த சக்கர நாற்காலியைத் திரும்ப எடுத்துப்போக வேண்டும், அவ்வளவுதான் வேலை. லிஃப்ட் வழக்கம்போலப் படுத்துக் கிடந்தது.

கல்லறையில் போதகர் மூப்பரின் கையைப் பிடித்துக்கொண்டு, படுத்த படுக்கையாய்க் கிடந்தவளுக்கு மாசா மாசம் திருவிருந்து அப்பமும் ரசமும் கொண்டுபோய்க் கொடுத்த கை இது என்று கண்கலங்கினார். மூப்பர் தலையைக் குனிந்துகொண்டார். பார்த்தவர்கள் பணிவு என்று நினைத்தார்கள்.

நடந்த கதையே வேறு. மனுஷனுக்கு முட்டிவலி. கல்யாண விருந்து என்றால் ஐந்து மாடி ஏறுகிற முட்டிதான்; அந்தம்மா வீட்டுக்கு என்றால் இரண்டாம் மாடியோடு மக்கர் பண்ணும். முதல் மாசம் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டார். ஜெபம் பண்ணித் தகரப் பெட்டியில் கொடுத்த அப்பத்தைக் குப்பையில் போட முடியுமா? தன் வாயிலேயே போட்டுக்கொண்டார். குப்பியில் இருந்த திராட்சை ரசத்தையும் குடித்துவிட்டு, கொடுத்தாச்சு என்று போய்ச் சொன்னார். அப்படியே ஏழு மாசம் ஓட்டினார். தகுதியில்லாமல் இதை எடுப்பவன் தன் தீர்ப்பைத்தான் தின்கிறான் என்று போதகர் ஒவ்வொரு முறையும் எச்சரிப்பார். அதற்குச் சத்தமாக ஆமென் சொல்வதும் இவர்தான்!

அந்தம்மா கண்ணை மூடியதிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. மன்னிப்புக் கேட்க ஆள் இல்லை. நாளைக்கு ஆண்டவர் முன்னால் எந்த முகத்தோடு நிற்பது என்று நினைத்து நினைத்தே தூக்கம் போனது.

சாவி மூன்றாம் மாடிக்காரியிடம் இருந்தது. துணிமணிகளையெல்லாம் மடித்து அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டதாகச் சொன்னவள், சாவியை நீட்டிக்கொண்டே கேட்டாள்.

"திருவிருந்து ஞாயிறுன்னா காலையிலேர்ந்து பச்சத்தண்ணி பல்லுல படாது அவங்களுக்கு. மேசையில வெள்ளைத்துணி விரிக்கச் சொல்லிட்டுக் காத்திருப்பாங்க. நீங்க வந்து குடுத்தப்புறம்தானே மூப்பரே சாப்பிடுவாங்க?"

மூப்பர் சாவியை வாங்கிக்கொண்டு மேலே ஏறினார்.

அறையில் தைல வாசனை இன்னும் போகவில்லை. ஜன்னல் சாத்தியிருந்ததால் அரை இருட்டு. தையல் மிஷினுக்கு உறை போட்டிருந்தது, மெத்தையைச் சுருட்டி வைத்திருந்தார்கள். சக்கர நாற்காலி மூலையில் நின்றது. கட்டிலோரம் சின்ன மேசை.

மேசையில் வெள்ளைத்துணி விரித்திருந்தது.

மூப்பர் நாற்காலியை எட்டிப் பிடித்தார். அப்போது கீழே படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ஒரு காலை இழுத்து இழுத்து ஏறுகிற நடை. முதல் மாடி தாண்டியது. இரண்டாம் மாடிக்கு வந்தது.

நின்றது.

தகரப் பெட்டியின் மூடி திறந்தது. மெல்லுகிற சத்தம். ஒரு மடக்கு விழுங்குகிற சத்தம். அத்தனையும் காதோரத்தில் நடப்பதுபோலக் கேட்டது. பிறகு செருப்பு இறங்கிப் போனது.

வெறும் கட்டிலில் யாரோ நீளமாக மூச்சுவிட்டார்கள்.

அது தன் செருப்பு என்று அவருக்குப் புரிந்தபோது அது மறுபடியும் ஏற ஆரம்பித்திருந்தது. மறுபடியும் நின்றது, மென்றது, இறங்கியது. ஏழு தடவை. ஏழு தடவையும் கட்டிலில் அந்த மூச்சு. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே படுத்திருந்த மகராசி, ஒருத்தரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மூப்பர் வலிக்கிற முட்டியைப் போட்டுத் தரையில் விழுந்தார்.

"நான் தின்னுட்டேம்மா. உங்க பங்கை நான் தின்னுட்டேன்."

நாற்காலியை அப்படியே விட்டுவிட்டு நேரே போதகரிடம் ஓடி, ஒன்று விடாமல் கொட்டினார். போதகர் அவரைப் பிடித்து உட்கார வைத்தார். பிறகு, உயிரோடு இருக்கிற வரைக்கும் தீர்ப்பிலிருந்து தப்ப வழி இருக்கிறது, எழுந்திருக்க முடியாதவர்கள் இன்னும் நாலு பேர் இருக்கிறார்கள், இனிமேலாவது உண்மையாய் ஏறு என்றார். ஏறினார். காய்ச்சலிலும் ஏறினார். மழையிலும் ஏறினார். மெல்ல மெல்லத் தூக்கம் வந்தது, சோறு இறங்கியது. ஆண்டவர் மன்னித்துவிட்டார் என்று நம்ப ஆரம்பித்தார்.

மூன்றாவது மாசம், பழைய லாரி டிரைவர் ஒருவர் வீடு. கால் விழுந்து படுத்திருக்கிறவர். நல்ல காலை வெயில் கட்டில் வரைக்கும் அடித்தது. மூப்பர் ஜெபித்துவிட்டுப் பெட்டியைத் திறந்து அப்பத்தை எடுத்தார். டிரைவர் வாயைத் திறக்கவில்லை. மூப்பரின் தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முதல்ல உங்க கூட வந்திருக்கற அம்மாவுக்குக் குடுங்க மூப்பரே. படியேறினதுல அவங்களுக்கு மூச்சு வாங்குது பாருங்க."

பெட்டியில் இருந்தது ஒரே துண்டு.

திரும்பிப் பார்க்க மூப்பருக்குத் தைரியம் வரவில்லை. கையை மட்டும் தோளுக்கு மேலே பின்பக்கமாக நீட்டினார்.

சில்லென்று ஒரு உதடு விரல்நுனியில் பட்டது.

கை காலியாகிவிட்டது. பின்னால் மெதுவாக, ரொம்ப மெதுவாக, மெல்லுகிற சத்தம். அது நின்ற பிறகு காதோரம் தைல வாசனை அடித்தது.

"இன்னும் ஆறு இருக்கு மூப்பரே."