கோபம் இல்லாத மன்னிப்பு செல்லாது

சடையாண்டியின் மல்லிகை வண்டி பூட்டப்பட்டபோது காலை மணி எட்டு. வையம்பட்டியைத் தாண்டிக் கவிழ்ந்து கிடந்த காருக்குள் கையை விட்டு, மாட்டிக்கொண்டவரின் காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள் சாலைமீட்புப் பணியாளர் ரெஜினா. அவள் முதுகிலிருந்து ஒரு சாண் தள்ளி வண்டியில் பறந்தார் சடையாண்டி. அவள் தொப்பி எழும்பிப் பக்கத்து வேப்பமரத்தில் போய் உட்கார்ந்தது. அவளுடைய ஆரஞ்சுச் சட்டை தூரத்தை அளந்து சாலைக்குச் சொன்னது. சாலை வண்டிக்குச் சொன்னது. வண்டிக்குள் ‘டொக்’ என்று ஒரு சத்தம். பணியாளரை உரசினாற்போலப் போகிற வண்டிக்கு விழும் நத்தைப்பூட்டு அது.

பூட்டிய வண்டி ஒரு வருஷத்துக்கு இருபது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாது. அதை யாரும் முந்தவும் கூடாது. பின்னால் வருகிறவர்கள் வாய்க்கு வந்தபடி திட்டட்டும் என்றே அந்த விதி. திட்டும் தண்டனையில் சேர்த்தி. விடுதலைக்கு ஒரே வழிதான்: பணியாளர் மனதார மன்னிக்க வேண்டும். முன்பெல்லாம் டீயும் வடையும் வாங்கிக்கொடுத்து மன்னிப்பைத் தேற்றிவிட்டார்கள் என்பதால், துறை எல்லாப் பணியாளர் மணிக்கட்டிலும் ‘நெஞ்சறி’யைக் கட்டிவிட்டது. நாடியைப் பிடித்து மனத்தைச் சொல்லிவிடும் கருவி அது.

மல்லிகை திருச்சிச் சந்தைக்கு அரும்பாகப் போய்ச் சேர வேண்டும். இருபதில் போனால் வழியிலேயே விரிந்துவிடும். விரிந்ததை அங்கே எவரும் தொட மாட்டார்கள். ஒரு வருஷம் இப்படி ஊர்ந்தால் தொழிலே போயிற்று. சடையாண்டி வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஓடிவந்தார்.

“யம்மா, தப்புதாம்மா. அரும்பு விரிஞ்சிருமேன்னு கண்ணு மண்ணு தெரியாம வந்துட்டேன். மன்னிச்சிரும்மா.”

“பரவால்லண்ணே, விடுங்க.”

‘பரவாயில்லை’க்கு என்ன பொருள் என்று கருவிக்குச் சொல்லிக்கொடுக்கப் பொறியாளர்கள் மூன்று நாள் தலையைப் பிய்த்துக்கொண்டு, கடைசியில் அதை வானிலைச் செய்திகளோடு சேர்த்துவிட்டிருந்தார்கள். நெஞ்சறி பேசாமல் இருந்தது.

“அப்பிடிச் சொன்னா அதுக்குப் புரியாதும்மா. மன்னிச்சிட்டேன்னு சொல்லு.”

“மன்னிச்சிட்டேன்ண்ணே.”

“மன்னிப்பு ஏற்கப்படவில்லை,” என்றது நெஞ்சறி. “மன்னிப்பவரிடம் கோபம் காணப்படவில்லை. இல்லாத கோபத்தை மன்னிக்க இயலாது.”

“அட, கொஞ்சம் கோவப்படேம்மா!”

“எப்பிடிண்ணே வரும்? பதினோரு வருசமா இந்த ரோட்டுல மண்டி போட்டுக் கெடக்கேன். உரசிட்டுப் போனவனுக எத்தனையோ பேரு. எறங்கி வந்து தப்புன்னு சொன்ன மொத ஆளு நீங்கதான். எனக்கு அழுகையால்ல வருது.”

“நன்றி தொண்ணூற்றெட்டு. கோபம் பூஜ்யம்.”

காருக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது: “எனக்கு வருதுங்க கோவம்! நான் மன்னிச்சா ஆவாதா?”

“தாங்கள் பணியாளர் அல்லர்.”

சடையாண்டி யோசித்தார். கோபத்தை வரவழைத்துவிட்டால் மன்னிப்பு தானாக வரும். தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“இதெல்லாம் ஒரு கட்டா? பக்கோடா பொட்டலமாட்டம் இருக்கு!”

“ஆமாண்ணே, எங்க டாக்டரும் அதத்தான் சொல்றாரு.”

“ஒன் மூஞ்சியும் மொகரையும்!”

“அப்பிடியே எங்கம்மா பேசுற மாதிரி இருக்கு.” அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“நன்றி தொண்ணூற்றொன்பது,” என்றது கருவி.

சடையாண்டி இருபதில் திருச்சிக்குக் கிளம்பினார்.

மறுநாள் இன்னொருவர் அவளை உரசிக்கொண்டு போய்ப் பூட்டு வாங்கினார். சன்னல் கண்ணாடியைப் பாதி இறக்கி, “சாரி. சட்டுனு மன்னிச்சு வுடு, மீட்டிங் இருக்கு,” என்றார். ரெஜினாவுக்குக் கோபம் உச்சி வரை ஏறியது. ஆனாலும் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவள். பல்லைக் கடித்துக்கொண்டு மனதார மன்னித்தாள். அவர் பூட்டு உடனே கழன்றது.

மாநிலம் முழுக்க இதே கதைதான். நெஞ்சாரக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டவர்கள் இருபதில் மாட்டினார்கள். திமிராகக் கேட்டவர்கள் தப்பினார்கள். தப்பி எங்கே போவது? ஒவ்வொரு சாலையிலும் முன்னால் ஒரு நல்லவர் ஊர்ந்துகொண்டிருந்தார். முந்தக் கூடாது. இருபது கிலோமீட்டரில் யாரும் கவிழ்வதில்லை. பதினொன்றரை மாதமாக ரெஜினாவின் சட்டையில் ஒரு சொட்டு ரத்தக் கறை இல்லை.

சடையாண்டிக்கும் ஒரு விஷயம் புரிந்திருந்தது. அரும்பு மணக்காது, விரிந்தால்தான் மணக்கும். பின்னால் ஊர்ந்தவர்கள் வாசனை தாங்காமல் இறங்கி நடந்து வந்து பூ வாங்கினார்கள். திட்ட வந்தவர்கள்கூட வீட்டுக்கு ரெண்டு முழம் சேர்த்துக் கேட்டார்கள். மணப்பாறை வருவதற்குள் கூடை காலி. திருச்சியை அவர் பார்த்தே பல மாதம் ஆகிறது.

பூட்டு முடியப் பத்து நாள் இருக்கையில் அவர் ரெஜினாவைத் தேடி வந்தார்.

“யம்மா, ஒன் புண்ணியத்துல நல்லா இருக்கேன். ஆனா பூட்டு இல்லாம மெல்லப் போனா ரோடே ஓரந்தள்ளி விட்டுருதாம். அதான்... மறுக்கா பூட்டு விழுற மாதிரி ஒரே ஒரு தடவ ஒன்னைய லேசா உரசிட்டுப் போயிக்கிறவா? ரெண்டு சாண் தள்ளியே போறேன்.”

ரெஜினா எழுந்தாள்.

“என்னது? ஒங்க யாவாரத்துக்கு என் முதுகு என்ன சாணைக்கல்லா? ஒங்க மேல எம்புட்டு மரியாத வச்சிருந்தேன்!”

“கோபம் நூறு,” என்றது நெஞ்சறி. எதற்கான கோபம் என்றெல்லாம் அது கேட்பதில்லை.

“வாய் தவறிருச்சும்மா! ஒன் கால்ல வேணா விழுறேன்,” என்று சடையாண்டி குனிந்தேவிட்டார்.

“ஐயய்யோ, எந்திரிங்கண்ணே! மன்னிச்சிட்டேன், மன்னிச்சிட்டேன்!”

“மன்னிப்பு ஏற்கப்பட்டது.” வண்டிக்குள் பூட்டு கழன்று விழுந்தது. “பத்து நாள் முன்னதாகவே விடுதலை. தங்கள் ஒத்துழைப்புக்குத் துறை நன்றி கூறுகிறது. இனி தாங்கள் விரும்பிய வேகத்தில் பறக்கலாம்.”

இருவரும் அந்தக் கருவியை முறைத்தார்கள். அந்தக் கோபத்தையும் அது ஒழுங்காகப் பதிந்துகொண்டது. ஆனால் மன்னிப்புக் கேட்க அதற்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.