பற்றுமானியில் தொண்ணூற்றேழு

தொண்ணூற்றேழு!

திருச்சி கபடி அரங்கின் பெரிய திரையில் அந்த எண் வந்ததும் இருபதாயிரம் பேரும் 'ஓ'வென்று கத்தினார்கள். கத்த மாட்டார்களா பின்னே? பற்றுமானி வந்து இரண்டு சீசன் ஆகிறது, ஐம்பதைத் தாண்டி ஒரு மனிதப்பிறவியும் போனதில்லை. ஆட்டத்துக்கு முன்னால் இரண்டு நிமிடம் நாட்டுப்பற்று விளம்பரம் ஓடும். அப்போது அரங்கில் உள்ள ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் இருக்கும் பட்டை நாடித்துடிப்பையும் மூச்சையும் தோலின் ஈரத்தையும் படித்து, இவருடைய நாட்டுப்பற்று நூற்றுக்கு இத்தனை என்று சொல்லிவிடும். பார்வையாளர்களின் சராசரி முப்பத்திரண்டு. ஆட்டக்காரர்களுக்கு முப்பத்தைந்து. போன மாதம் சிறப்பு விருந்தினராக வந்த அமைச்சருக்குப் பதினொன்று. அது திரைக்கு வராமல் மறைக்க லீக்கின் செய்தித் தொடர்பாளன் குணாளன் பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும்.

கேமரா தொண்ணூற்றேழைத் தேடி அலைந்தது. விருந்தினர் மாடத்தில் இல்லை, ஆட்டக்காரர்களின் பெஞ்சிலும் இல்லை. ஆடுகள விரிப்பின் ஓரத்தில், ஆட்டக்காரர்கள் விழுந்து புரண்ட இடத்தில் வியர்வையைத் துடைக்கிற மாப்பை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு ஒரு பெண் நின்றாள். நாற்பது வயது இருக்கும். விளம்பரம் முடிந்தது கூடத் தெரியாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பெயர் யோகமலர். துப்புரவுப் பணியாளர்களுக்கும் பட்டை கட்டியது அன்றைக்குத்தான்.

குணாளனுக்குத் தலைகால் புரியவில்லை. மூன்று வருடமாக இந்தக் காவிரி கபடி லீக் பட்ட அவமானம் கொஞ்சமா? ஒரு அணித் தலைவர் போய் ஒரு கட்சி மேடையில் ஏறப்போக, மற்றக் கட்சிக்காரர்கள் சீருடையைக் கொளுத்தினார்கள். எங்களுக்குக் கட்சி இல்லை, நாடுதான் பெரிது என்று காட்ட, லீக் தேசியக் கொடி பறக்கும் விளம்பரங்களாக எடுத்துத் தள்ளியது. ஜனங்கள் சிரித்தார்கள். "சோப்பு விக்கிறவனும் கொடியப் புடிக்கிறான், சீயக்காய் விக்கிறவனும் கொடியப் புடிக்கிறான், இப்ப நீங்களுமா?" என்றார்கள். எங்கள் உணர்ச்சி நிஜம் என்று நிரூபிக்கத்தான் இந்தப் பற்றுமானியே வந்தது. வந்த இடத்தில் அது எல்லாருடைய மானத்தையும் வாங்கிக்கொண்டிருந்தது. இப்போது சாமியே அனுப்பியதுபோல் ஒரு துப்புரவுத் தொழிலாளி!

மறுநாளே சுவரெங்கும் அவள் முகம். 'யோகமலர் போல் நேசிப்போம்.' மூன்றாம் நாள் பத்திரிகையாளர் சந்திப்பு. ஒரு நிருபர் விளையாட்டாகக் கேட்டார்: "போன எலெக்‌ஷன்ல யாருக்கு ஓட்டுப் போட்டீங்கக்கா?"

"எனக்கு ஓட்டு இல்லை தம்பி," என்றாள் அவள் சாதாரணமாக. "நான் முகாம்ல பொறந்தவ."

அவளுடைய தாத்தா இலங்கையில் மன்னாரிலிருந்து அகதியாகப் படகில் வந்தவர். அப்பா இங்கே வளர்ந்தார், அவள் இங்கேயே பிறந்தாள், இங்கேயே படித்தாள். மூன்று தலைமுறை ஆகியும் 'ஆமாம்' என்பதற்கு அவள் வாயில் 'ஓம்' என்றுதான் வரும். இந்த நாடும் அவளைத் தன் கணக்கில் எழுதவில்லை, அந்த நாடும் எழுதவில்லை. ஆக, நாட்டிலேயே அதிக நாட்டுப்பற்று உள்ள ஆளுக்கு நாடே இல்லை!

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. ஒரு கட்சி 'அந்நியரை வைத்து நாட்டையே அவமானப்படுத்திவிட்டார்கள்' என்றது. இன்னொரு கட்சி 'உடனே குடியுரிமை கொடு' என்று சாலையில் உட்கார்ந்தது. லீக் தலைவர் அருணகிரி குணாளனைக் கூப்பிட்டுக் கத்தினார்.

"ஒண்ணு அந்தப் பொம்பளைய மறை. இல்லேன்னா அவளுக்கு ஒரு நாட்ட வாங்கிக் குடு. இறுதிப் போட்டிக்குள்ள முடியணும்!"

அவள் அப்பா எட்டு தடவை மனுப் போட்டு நகராத கோப்பு, விளம்பரம் கெட்டுப்போகிறது என்றதும் மூன்றே வாரத்தில் நகர்ந்தது. இறுதிப் போட்டியன்று ஆடுகளத்திலேயே வைத்துக் குடியுரிமை அட்டையைக் கொடுப்பது என்று முடிவானது. குணாளன் அன்றைக்குத்தான் நிம்மதியாகச் சாப்பிட்டான்.

போட்டிக்கு நான்கு நாள் இருக்கும்போது, பற்றுமானியை உருவாக்கிய பொறியாளர் பெனிட்டா அவன் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள்.

"சார், ஒரு பெரிய தப்பு நடந்துபோச்சு. நாட்டுப்பற்றுன்னா எப்படி இருக்கும்னு மெஷினுக்குக் கத்துக்குடுக்க ஆள் வேணும்ல? பனிமலையில காவல் இருந்த சிப்பாய்ங்க எண்ணூறு பேர் கையில பட்டையக் கட்டி, தேசப் பாட்டப் போட்டு அளந்தோம். அதவிடப் பெரிய பற்று ஏதுன்னு நெனச்சோம். நேத்து அதுல ஒருத்தரப் பாத்தேன், ரிட்டயர் ஆகி வந்துட்டார். பாட்டுப் போடுறப்ப என்ன நெனச்சீங்க ஐயான்னு கேட்டேன். 'வேற என்னம்மா, ஊர் நெனப்புதான், எப்படா போவோம்னு இருக்கும்'ங்கிறார்."

"அதனால என்ன?"

"அது பற்ற அளக்கல சார். ஏக்கத்த அளக்குது. கையில இருக்குறத எவ்ளோ நேசிச்சாலும் நம்பர் ஏறாது. கைக்கு எட்டாததுக்குத்தான் ஏறும்."

"அப்ப அட்டை கைக்கு வந்துட்டா?"

"நம்ம எல்லாரையும் மாதிரி ஆயிருவாங்க. முப்பது, முப்பத்திரண்டு."

இதை அருணகிரியிடம் சொன்னால் என்ன ஆகும்? கோப்பை நிறுத்திவிடுவார். இந்த சீசன் முடியட்டும், அடுத்த சீசன் முடியட்டும் என்று அவள் தலை நரைக்கும்வரை இழுப்பார். சொல்லாவிட்டால், இறுதிப் போட்டியில் எண் விழும், தன் வேலை போகும். குணாளன் எழுந்து அரங்கின் பின்பக்கம் போனான். யோகமலர் குழாயடியில் மாப்பை அலசிக்கொண்டிருந்தாள்.

"அந்த விளம்பரம் ஓடுறப்ப என்னம்மா நெனப்பீங்க?"

அவளுக்கு வெட்கமாகிவிட்டது. "அதுல ஒரு பொம்பளை ஓட்டுப் போட்டுட்டு வந்து விரல்ல மையக் காட்டுவா இல்லையா சார்? சிரிச்சுக்கிட்டே. அதப் பாக்குறப்ப எனக்கு நெஞ்சுக்குள்ள என்னமோ பிசையும். சின்னப் பிள்ளையில நீல மையத் தொட்டு விரல்ல வச்சுக்குவேன். அப்பா அழிக்கச் சொல்லுவார். சாயந்திரம் முகாம்ல ஆள் கணக்கெடுக்க வருவாங்க, பாத்தா வம்புன்னு." அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "இன்னும் நாலு நாள், இல்லையா சார்?"

"ஆமாம்மா."

"ஓம், நாலு நாள்," என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அருணகிரியிடம் எதையும் சொல்வதில்லை என்று குணாளன் முடிவுசெய்தான். வேலை போனால் போகட்டும். கையில் கொடுத்த அட்டையை யார் பிடுங்கப்போகிறார்கள்?

இறுதிப் போட்டி மாலை நான்கு மணிக்கு. அரங்கில் எள் போட இடமில்லை. முழுக்கைச் சட்டையில் வந்த அதிகாரி அட்டையை நீட்டினார். யோகமலர் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கைதட்டல் அடங்க ஒரு நிமிடம் பிடித்தது. விளக்குகள் மங்கி விளம்பரம் ஓடியது. மை வைத்த விரல் வந்தது, கொடி பறந்தது. அருணகிரி அவளுடைய எண்ணை மட்டும் திரை முழுக்கப் போடச் சொல்லியிருந்தார்.

முப்பத்தொன்று.

யோகமலர் நிமிர்ந்து எண்ணைப் பார்த்தாள். பெனிட்டா அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருப்பாள் போல, அவள் முகமெல்லாம் சிரிப்பு.

"சார்! முப்பத்தொண்ணு சார்! எல்லாரையும் மாதிரி!" என்று குணாளன் பக்கம் திரும்பிக் கத்தினாள்.

அந்தச் சிரிப்பு திரையில் நாற்பதடி உயரத்துக்குத் தெரிந்தது. "ஏமாத்துக்காரி!" என்று ஒரு குரல் வந்தது. அப்புறம் நூறு குரல், அப்புறம் தண்ணீர் பாட்டில்கள். அட்டை வாங்கும்வரை நடித்திருக்கிறாள் என்றார்கள். நாடித்துடிப்பை எப்படி நடிப்பது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அடப்பாவிகளா, நீங்கள் எல்லாருமே முப்பத்திரண்டுதானே!

அதிகாரியின் தொலைபேசி அடித்தது. இரண்டு தடவை 'சரிங்கய்யா' என்றார். "மேலிடத்துல கேக்குறாங்கம்மா. அட்டையக் குடுங்க, சரிபாத்துட்டுத் தர்றோம்."

குணாளன் ஓடி வந்தான். "குடுக்காதீங்கம்மா! சார், அந்த மெஷின் தப்பு சார். தப்பா அளக்குது. நான் எழுதித் தர்றேன்!"

"மெஷின் தப்புன்னா," என்றார் அதிகாரி பொறுமையாக, "அன்னிக்கு வந்த தொண்ணூத்தேழும் தப்புதானே? அத வச்சுத்தானே அட்டையே குடுத்தோம்?"

தினமும் கணக்கெடுப்புக்குக் கைகட்டி நின்று பழகியவள் யோகமலர். அதிகாரி கேட்டதும் அவள் கை தானாக நீண்டது. அட்டை போனது.

அவள் மணிக்கட்டுப் பட்டை இன்னும் படித்துக்கொண்டிருந்தது. திரையில் எண் நாற்பதானது. பிறகு அறுபத்திரண்டு. எண்பத்தைந்து. பாட்டில் எறிந்தவர்கள் கையை இறக்கினார்கள். தொண்ணூற்றாறு. யாரோ எழுந்து நின்றார், பின்னாலேயே இருபதாயிரம் பேரும் எழுந்து நின்றார்கள். தொண்ணூற்றொன்பது. கைதட்டலில் கூரை அதிர்ந்தது. மாடத்தில் அருணகிரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதிகாரியும் அட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கைதட்டினார்.

அந்தச் சத்தத்துக்கு நடுவே யோகமலர் குணாளனின் காதருகில் வந்து கேட்டாள்.

"சார், நூறு வந்துட்டாத் திருப்பிக் குடுத்துருவாங்களா?"