வாய்க்காலும் மணல் குழியும்

விசில் சத்தம் கேட்டதுமே ஏழாம் வகுப்பு மொத்தமும் மைதானத்துக்குப் பாய்ந்தது. மீனுதான் முதல் ஆள்.

மணல் குழிக்குப் பக்கத்தில் விளையாட்டு ஆசிரியர் நடராஜ் நின்றிருந்தார்.

"நீளம் தாண்டுதலுக்கு மார்க் வெள்ளிக்கிழமைதான். அதுவரைக்கும் ஜோடி ஜோடியாக் குதிங்க. ஒருத்தர் குதிக்கத மத்தவர் பாத்து, நல்லது ஒண்ணு, திருத்தம் ஒண்ணு சொல்லணும். வெள்ளிக்கிழமை ஜெயிக்க ஆளு அம்பாசமுத்திரம் போட்டிக்குப் போகலாம்!"

மீனுவின் கால்கள் துறுதுறுத்தன. எப்படியாவது அந்தப் போட்டிக்குப் போயே தீர வேண்டும்!

அவளுக்கு ஜோடியாக வந்தவள் சீவலப்பேரியிலிருந்து வரும் ரீபா. தினமும் வயல் வாய்க்காலைத் தாண்டிக் குதித்துத்தான் பஸ்ஸைப் பிடிப்பாள். இங்கும் ஓடி வந்தாள், எம்பினாள், பொத்தென்று கிட்டத்திலேயே விழுந்தாள்.

மீனு கண்டுபிடித்துவிட்டாள். எம்பியதுமே ரீபா குனிந்து தரையைப் பார்க்கிறாள்!

சொன்னால் ரீபா தன்னை முந்திவிடுவாளே? ஆனால் ரீபாவோ முகமெல்லாம் மணலோடு ஆவலாகக் காத்து நின்றாள். அந்த முகத்தைப் பார்த்து எப்படி மறைப்பது?

"நல்ல வேகமா ஓடுதே. ஆனா எம்புனதும் கீழ பாக்கே."

"பாக்காட்டி சகதியில விழுந்துருவேன்லா?"

"ஏட்டி, இது வாய்க்கால் இல்ல, மணலு! அங்கன நிக்க வேப்பமரத்து உச்சியப் பாத்துக் குதி."

ரீபா குதித்தாள். அடேயப்பா! எல்லோரும் கைதட்டினார்கள்.

அடுத்து மீனு குதித்தாள்.

"இப்ப நான் சொல்லுதேன்" என்றாள் ரீபா. "நல்லா எம்புதே. ஆனா மிதிச்சு எம்புத பலகைகிட்ட வந்ததும் பைய ஓடுதே. வந்த வேகத்துலயே மிதி!"

மீனுவும் மறுபடி குதித்து, முன்னைவிட ஒரு முழம் தள்ளிப் போய் விழுந்தாள்.

வெள்ளிக்கிழமை ரீபா ஒரு சாண் வித்தியாசத்தில் ஜெயித்தாள். மீனுவுக்கு அழுகை முட்டியது.

"சார், அங்கன நான் மறந்து கீழ பாத்துட்டா யாரு சொல்லுவா? மீனுவையும் கூட்டிட்டுப் போவோம் சார்!" என்றாள் ரீபா.

சார் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். அப்போது சந்தோஷத்தில் மீனு குதித்த குதியை அளந்திருந்தால் அவள்தான் முதலிடம்!

போட்டி நாளன்று காலையில் ரீபா முழங்கால் வரை சகதியோடு பஸ் நிலையத்துக்கு வந்தாள்.

"என்னட்டி இது கோலம்?"

"வாய்க்கால்லயும் மரத்து உச்சியப் பாத்துட்டேன்!"

மீனு விழுந்து விழுந்து சிரித்தாள். "நல்லது ஒண்ணு, நான் சொன்னத மறக்கல. திருத்தம் ஒண்ணு, வாய்க்கால்ல மட்டும் கீழ பாத்துக் குதி!"