பனிக்காலத்தில் ஓடிய பரண் விசிறி

பரணில் விசிறி ஓடிக்கொண்டிருந்தது. கோடையில் கூரைக்கடியில் அனல் கொதித்தால் மட்டும் தானாகச் சுழலும் விசிறி அது. இதுவோ ஜனவரி, கன்சாஸ் சமவெளி முழுக்க முழங்காலளவு பனி.

கால் முறிந்து பத்து நாளாகத் தம்பி கார்லண்ட் வீட்டில் கிடக்கும் மேவிஸ், சோபாவில் படுத்தபடி மேலே பார்த்தாள். வெள்ளையடித்த பலகைகளுக்கு அப்பால் அந்த இரைச்சல், நெஞ்சில் சளி கட்டியவன் மூச்சைப்போல இழுத்து இழுத்து வந்தது. கூடவே பழைய தூசி பொசுங்கும் வாடையும், அதற்கடியில் தார் உருகுவதுபோன்ற தித்திப்பு நெடியும் அறைக்குள் இறங்கின.

"டேய், மேல ஃபேன் ஓடுதுடா."

"ஓடட்டும்." அவன் டிவியிலிருந்து கண்ணெடுக்கவில்லை.

"அங்க சூடு இருந்தாத்தானே ஓடும்? வீட்டைச் சூடாக்குற கேஸ் உலையோட புகைக்குழாய் அங்க இணைப்பு விட்டுப்போச்சுன்னு போன வாரம் நீயே ஏறி டேப்பைச் சுத்திட்டு வந்தியே..."

"வந்த நாள்லேருந்து உனக்கு ஏதாச்சும் ஒண்ணு. காபி கசக்குது, நாய் நாறுது, இப்ப ஃபேன். பிடிக்கலைன்னா வேற எங்கயாச்சும் போய்ப் படு."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டுக் கூரையில் முழ உயரத்துக்கு வெண்பனி அசையாமல் கிடந்தது. இந்த வீட்டு இறவாரத்திலிருந்து மட்டும் தண்ணீர் ஊற்றியது.

"நம்ம கூரை மட்டும் உருகுது. வெளிய பாரு."

பார்த்தான். முகம் வெளுத்தது. ஆனால் அக்காவிடம் தோற்க அவனுக்கு மனமில்லை. நடைக்குப் போய், மேலே பரண் கதவிலிருந்து தொங்கிய கயிற்றைப் பிடித்தான்.

"திறக்காதடா! தீயணைப்புக்குப் போன் பண்ணுறேன்."

"பொத்திக்கிட்டு கிட."

இழுத்தான். மடிப்பு ஏணி இறங்கியது. புகை வரவில்லை. ஒரு கீற்றுகூட இல்லை. வீட்டுக் காற்றுதான் மேலே போயிற்று. திரைச்சீலைகள் நடைப்பக்கம் திரும்பின. அவள் கூந்தலும்.

கார்லண்ட் ஏறினான். இடுப்புவரை ஓட்டைக்குள் போனான். சுற்றிலும் செம்மஞ்சள் வெளிச்சம்.

"கார்லண்ட்?"

நாலாவது படியில் இரண்டு கால்கள். அசையவில்லை.

போனில் முகவரியைச் சொன்னாள். "உடனே வீட்டை விட்டு வெளிய போங்கம்மா," என்றது ஒரு பெண்குரல்.

"என் தம்பி மேல இருக்கான்."

போனை எறிந்தாள். சோபாவிலிருந்து விழுந்தாள். தவழ்ந்தாள். முறிந்த கால் கட்டுக்குள் நொறுங்கியது. ஏணி சுட்டது. பிடித்து எழுந்தாள்.

பாதங்கள் படியில் இல்லை.

படிக்கு ஒரு சாண் மேலே. விரல்கள் கீழே தொங்க.

கணுக்காலைப் பற்றினாள். முழுப் பலத்தோடு இழுத்தாள்.

மேலேயிருந்து எதுவோ பதிலுக்கு இழுத்தது. மெதுவாக. அவசரமே இல்லாமல்.