எயினியிடம் எடுத்த வித்து

எயினி விளக்கை ஏற்றியதும் சுவரில் இருந்த காற்றளவி சிணுங்கத் தொடங்கியது. தினமும் நடப்பதுதான். நிலவின் பனிக்கட்டிக்கு அடியில் குடைந்து கட்டிய ஊர் பனிக்கூடம். அங்கே மூச்சுக்காற்றைப் பனியிலிருந்து பிரித்தெடுத்து ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு போட்டுக் கொடுப்பார்கள். ஒரு சின்னத் தீ ஓர் ஆள் அளவுக்குத் தின்றுவிடும். எயினியின் பங்கில் விளக்கு தின்றது போக மிச்சம்தான் எயினிக்கு. அதனால் அது எரிகிற வரைக்கும் நடக்கமாட்டாள், பேசமாட்டாள். சுவரில் சாய்ந்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு சுடரையே பார்த்திருப்பாள்.

"ஏனுங்க அம்மணி, மூச்சு முட்டிச் சாகோணும்னு வேண்டுதலா?" என்று கேட்டபடி சிலம்பாயி உள்ளே வந்தாள். எயினியைக் காவல் காக்கவும் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கவும் அரண்மனை வைத்திருந்த ஆள் அவள். "அந்த எழவை அணைங்க. அரசர் வர்றாருங்க."

"எந்த அரசர்?" என்று விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டாள் எயினி.

"நம்மகிட்ட என்ன நாலஞ்சா இருக்குது? இருக்கிறது ஒண்ணு. அதும் இருமிக்கிட்டே வருது."

இருமிக்கொண்டு வரும் அந்த வழுதிதான் எயினியின் கணவன். அப்படிச் சொல்ல ஊரில் இப்போது அவளைத் தவிர வேறு ஆள் கிடையாது.

அவர்கள் கல்யாணம் நடந்தபோது ஊரில் தீநெறி இருந்தது. ஊர் மொத்தத்துக்கும் ஒரே நெருப்பு, ஒற்றைத்தீ என்பார்கள். அதன் முன்னால் கைப்பிடித்தால் பிடித்ததுதான். தீ பார்த்ததை மனுசன் அழிக்க முடியாது. மருதி என்று ஒரு பெண் பிறந்தாள். அதற்குப் பிறகு எயினிக்குப் பிள்ளை தங்கவில்லை. வழுதிக்கோ அரியணைக்கு ஆண்பிள்ளை வேண்டும், அதற்கு வேறு பெண்டாட்டி வேண்டும். தீநெறி குறுக்கே நின்றது.

பழைய பூமியில் இப்படி மாட்டிக்கொண்ட அரசர்கள் மதத்தையே மாற்றினார்கள். மடங்களை இடித்தார்கள், மறுத்தவர்களின் தலைகளை வெட்டினார்கள். அப்படியும் சனங்கள் வாயால் புதியதையும் மனசால் பழையதையும் கும்பிட்டார்கள். வழுதிக்கு அந்தத் தொல்லையே வரவில்லை. அவனுடைய அமைச்சன் சாத்தன் நெஞ்சூற்றியைச் செய்து வைத்திருந்தான்.

ஒரு தலைக்குள் இருக்கும் நம்பிக்கையைப் படியெடுத்து இன்னொரு தலைக்குள் ஊற்றுகிற கருவி அது. புதிதாக ஒரு நம்பிக்கையை உண்டாக்க அதற்குத் தெரியாது. உயிரோடு இருக்கிற யாராவது அதை உண்மையிலேயே நம்ப வேண்டும். அந்த ஆளிடமிருந்து எடுப்பதற்கு வித்து என்று பெயர். மறுக்கிற தலைக்குள் அது இறங்காது, சம்மதித்து உட்கார வேண்டும். சாத்தனுக்குச் சின்ன வயசிலேயே தீயின் மேல் நம்பிக்கை கிடையாது. 'தீ எதையும் பார்க்காது. அரசன் சொல்லே சாட்சி. ஒருமுறை சொன்னதை அரசனே மாற்ற முடியாது.' அவன் தலையில் இருந்த இந்த மூன்று வரியை எடுத்து, சொல்நெறி என்று பெயர் வைத்து, ஊரையே அந்தக் கருவியின் தலைக்கூட்டின் கீழே உட்கார வைத்தார்கள். வழுதியும் உட்கார்ந்தான். எழுந்து, "எனக்கும் எயினிக்கும் கல்யாணமே நடக்கலை" என்று சபையில் சொன்னான். உண்மையிலேயே நம்பித்தான் சொன்னான். யாருக்கும் வலிக்கவில்லை. ஒற்றைத்தீயை அணைத்த அன்று எல்லாருக்கும் கொஞ்சம் கூடுதல் காற்று கிடைத்தது, பாட்டுக்கூட பாடினார்கள்.

எயினி மட்டும் உட்காரவில்லை. அவளைக் குளிர்ப்புறத்து அறை ஒன்றில் கொண்டுவந்து விட்டார்கள்.

மருதி உட்கார்ந்தாள். அப்பா சொன்னாரே என்று உட்கார்ந்தாள். நடக்காத கல்யாணத்தில் பிறந்த பிள்ளைக்கு இனி அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை, அது ஊர்ப்பிள்ளை. அவளுக்குக் காற்றுக்குழாய் பழுது பார்க்கிற வேலை கொடுத்தார்கள். ஒருமுறை எயினியின் அறைக் குழாயையே பார்க்க வந்தாள். எயினி வாசலில் நின்று, "மருதி, சாப்பிட்டியா?" என்று கேட்டாள். "ஆச்சுங்க. கொஞ்சம் தள்ளி நில்லுங்க அம்மணி, அழுத்தம் பாக்கணும்" என்றாள் மகள். வேலை முடிந்ததும் கும்பிட்டுவிட்டுப் போனாள். அந்தக் கும்பிடு போல எதுவும் எயினியை அறுத்ததில்லை.

இப்போது அவர்கள் மூன்று பேரும் வந்திருந்தார்கள். வழுதி முன்னால், மருதி நடுவில், நெஞ்சூற்றியை வண்டியில் தள்ளிக்கொண்டு சாத்தன் பின்னால்.

வழுதி கட்டிலில் உட்கார்ந்து இருமி முடித்தான். ஆள் பாதியாகியிருந்தான். "எப்படி இருக்கே?"

"காத்து கம்மி. மத்தபடி ராணி மாதிரி இருக்கேன்" என்றாள் எயினி.

"உன் வாய் மட்டும் தேயவே இல்லை."

"பேச ஆளில்லை. தேயாம அப்படியே இருக்கு. விஷயத்தைச் சொல்லுங்க."

வழுதி சொன்னான். புது அரசிக்கும் பிள்ளை இல்லை. அவனுக்கு நுரையீரல் போய்விட்டது. அவன் கண்ணை மூடினால் அரியணை அவன் பங்காளிகளான எதிர்க்கூடத்தாருக்குப் போகும். அவர்கள் பனியைத் தோண்டிக்கொண்டு ஊரைக் கைவிட்டுவிடுவார்கள். அவன் ரத்தம் என்று மிச்சமிருப்பது மருதிதான்.

"கூப்பிட்டு அரியணையில உட்கார வைக்க வேண்டியதுதானே?"

"அவகிட்டயே கேளு."

மருதி பணிவாகச் சொன்னாள். "நான் ஊர்ப்பிள்ளைங்க. அரசரே சபையில சொல்லியிருக்காரு. சொன்னதை அவராலயும் மாத்த முடியாது. நான் அங்க உக்காந்தா பாவம்."

எயினிக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கக் காற்று போதவில்லை. "உங்க பூட்டு நல்லாத்தான் இருக்கு."

"சிரி, சிரி" என்றான் வழுதி. "நானும் நம்பலை. நீ என் பொண்டாட்டியா இருந்தேன்னு இப்பவும் நான் நம்பலை. ஆனா தீநெறி வேணும். ஊர்ல அதை வச்சிருக்கிற ஒரே தலை உன்னோடது."

சாத்தன் தலைக்கூட்டைத் துடைத்துக்கொண்டே விளக்கினான். எயினியிடம் வித்து எடுத்து முதலில் மருதிக்கு ஊற்றுவது. இறங்கினால், பிறகு ஊருக்கே.

"அது இறங்கினா இவ என்னை அம்மான்னு நினைப்பாளா?"

"நினைக்கிறது என்னங்க, நம்புவாங்க."

எயினி மகளைப் பார்த்தாள். "உனக்குச் சம்மதமா?"

"இறங்கினா அரியணையில உக்காருறேன். இறங்கலைன்னா எனக்கு வேலை கிடக்குங்க."

இத்தனை காலம் தன் மூச்சைப் பிடுங்கி விளக்குக்குக் கொடுத்தது இதற்காகத்தான் என்று எயினிக்குத் தோன்றியது. தானே போய்த் தலைக்கூட்டின் கீழ் உட்கார்ந்தாள்.

சாத்தன் முன்னால் இருந்த கண்ணாடித்தட்டில் நம்பிக்கைகள் வெளிச்சமாகத் தெரியும். அவன் கேள்வி கேட்டான். "தீ சாட்சியா?"

"சாட்சி."

தட்டு இருட்டாக இருந்தது. திரும்பக் கேட்டான். அவளும் சத்தமாகச் சொன்னாள். இருட்டாகவே இருந்தது.

"என்னய்யா கோளாறு?" என்றான் வழுதி.

"கோளாறு இல்லீங்க. அம்மாகிட்ட அந்த நம்பிக்கை இல்லீங்க."

"தினமும் விளக்கு ஏத்தறேன்டா!" என்று கத்தினாள் எயினி.

"ஏத்தறீங்க. நம்பலை."

"அப்புறம் எதுக்கு ஏத்தறேனாம்?"

வழுதிதான் பதில் சொன்னான். "என் மேல இருக்கிற கோவத்துல."

நம்பிக்கை எப்போது போனது என்று எயினி யோசித்தாள். விளக்குக்கு முன்னால் உட்காரும்போது நெஞ்சில் ஒரு பாரம் வருமே, அதைப் பக்தி என்றுதான் நினைத்திருந்தாள். காற்று பற்றாமல் வந்த பாரம் போலிருக்கிறது. ஊரார் மனசைக் கருவி மாற்றியது. அவள் மனசு எந்தக் கருவியும் இல்லாமல், அவளுக்கே சொல்லாமல் மாறியிருந்தது.

"வேற என்னதான் இருக்கு அந்த மண்டையில?" என்றான் வழுதி.

சாத்தன் தட்டைத் திருகினான். சட்டென்று கண் கூசியது. சிலம்பாயி முந்தானையால் முகத்தை மறைத்தாள்.

"ஒண்ணே ஒண்ணு இருக்குங்க" என்றான் சாத்தன். அவன் குரல் இறங்கியிருந்தது. "இப்படி எரியறதை நான் யார் தலையிலயும் பாத்ததில்லை. 'எனக்கு ஒரு மகள் இருக்கா. அவளை எங்கிட்டேருந்து எடுத்துட்டாங்க. அந்த அரியணை அவளோடது.' அவ்வளவுதான்."

வழுதி எழுந்துவிட்டான். "அரியணை அவளோடதுன்னு இருக்கில்ல? அதான் வேணும். ஊத்து."

"இது நெறி இல்லீங்களே. ஒரு பொம்பளையோட..."

"ஊத்துன்னு சொன்னேன்."

எயினியை எழுப்பிவிட்டு மருதியை உட்கார வைத்தார்கள். தலைக்கூடு மெல்ல முனகியது. மருதி கண்ணை மூடியிருந்தாள். அவள் முகத்தில் இருந்த அந்தப் பணிவு கரைவதை எயினி பார்த்தாள். உதடு துடித்தது. மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. என் பிள்ளை வருகிறாள் என்று எயினி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு போனாள்.

மருதி கண்ணைத் திறந்தாள். நீட்டிய கைகளைப் பார்த்தாள், அவை காலியாக இருந்ததைப் பார்த்தாள். பிறகு அறை முழுக்கத் தேடினாள்.

"எம் பொண்ணு எங்கே?" என்றாள்.

சிலம்பாயிதான், "ஏங் கண்ணு, உனக்கு இன்னும் கல்யாணமே ஆகலையே" என்றாள்.

"எம் பொண்ணு எங்கேன்னு கேக்கறேன். யார் எடுத்துட்டுப் போனீங்க?"

சாத்தனின் முகம் வெளுத்துவிட்டது. முன்பு அவன் கொடுத்த வித்தில் 'நான்' என்கிற சொல்லே கிடையாது. தீ, அரசன், சொல், அவ்வளவுதான். யார் தலைக்குள் போனாலும் அதே பொருள்தான். இதில் 'என் மகள்' என்று இருந்தது. எயினியின் தலையில் அது மருதி. மருதியின் தலைக்குள் இறங்கியதும் அது மருதியின் மகள். ஊர் முழுக்க நம்பிக்கை ஊற்றியவனுக்கு இந்தச் சின்ன விஷயம் தோன்றவில்லை.

"திருப்பி எடுங்க" என்றாள் எயினி. "என் கண்ணு முன்னாடி எடுங்க."

சாத்தன் மருதியின் பக்கம் குனிந்தான். "அம்மா, இன்னொரு தரம் உக்காருங்க. இல்லாத பொண்ணுக்காக அழறீங்க. அதை எடுத்துடறேன். சம்மதிச்சாப் போதும்."

"எம் பொண்ணை எடுக்கறதுக்கு நான் சம்மதிக்கணுமா?" மருதி எழுந்து நின்றாள். "கிட்ட வந்தா கையை உடைச்சிடுவேன்."

எயினிக்கு அந்தக் குரல் தெரியும், தன் குரல்தான். வழுதிக்கும் தெரிந்திருக்க வேண்டும், இரண்டடி பின்னால் போனான். பிறகு நிதானமாகக் கேட்டான். "அரியணை யாரோடது, மருதி?"

"எம் பொண்ணோடது."

"அவ வர்ற வரைக்கும்?"

"நான் காவலுக்கு உக்காருறேன். வேற எவனும் அதைத் தொடக் கூடாது."

வழுதியின் முகம் தெளிந்தது. "இது போதும். பேத்தியைப் பத்தி நான் இதுவரைக்கும் எதுவும் சொல்லலை. எனக்கு ஒரு பேத்தி இருக்கான்னு சபையில சொல்லிடறேன். இவளைக் கூட்டிக்கிட்டு வாங்க."

"இல்லாத பிள்ளைக்கா ஊரைக் காத்துக் கிடக்கச் சொல்றீங்க?" என்றாள் எயினி.

"நான் சொன்னா இருக்கும்" என்ற வழுதி இருமிக்கொண்டே வெளியே போனான்.

மருதி வாசலில் தயங்கினாள். எயினியிடம் திரும்பி வந்தாள். "உங்களைப் பாத்தா நல்லவங்க மாதிரி தெரியுது. நீங்க எம் பொண்ணைப் பாத்தீங்களா?"

நீதான் அது என்று சொல்லலாம். பைத்தியம் என்று நினைத்துக்கொண்டு போய்விடுவாள்.

"பாத்தேன்" என்றாள் எயினி.

"நல்லா இருக்காளா?"

"நல்லா வளந்துட்டா. அழுதா மூக்கு சிவந்துடும்."

மருதி சிவந்த மூக்கைத் துடைத்துக்கொண்டு இன்னும் நெருங்கி வந்தாள். "என்னைக் கேட்டாளா?"

"இல்லம்மா. அவளுக்கு உன்னை யாருன்னே தெரியலை."

"பரவாயில்லைங்க" என்றாள் மருதி. "எனக்குத் தெரியுமில்ல." போய்விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் ஊர் ஒலிபெருக்கி முழங்கியது. சபையில் அரசன் பேசுவது சுவர் வழியாகக் கேட்டது. நமக்கு ஒரு இளவரசி இருக்கிறாள், தொலைந்துபோயிருக்கிறாள், தேடுங்கள். வெளியே சுரங்கப் பாதைகளில் ஆட்கள் ஓடும் சத்தம் எழுந்தது.

சிலம்பாயி மார்பில் கை வைத்துக்கொண்டாள். "அட கடவுளே, சின்னக் குழந்தையாச்சே. இந்தக் குளுருல எங்க போய் நிக்குதோ."

"சிலம்பாயி, நீயும் இங்கதானே இருந்தே. இப்பத்தானே பாத்தே."

"அரசரே சொல்லிட்டாருங்க அம்மணி. சும்மா உக்காந்துட்டிருக்காம வந்து தேடுங்க."

சிலம்பாயி மண்டியிட்டுக் கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். கஞ்சிப் பானைக்குப் பின்னால் பார்த்தாள். "கண்ணு, பயப்படாம வா சாமி" என்று மெதுவாகக் கூப்பிட்டாள்.

எயினி கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவளும் குனிந்து தேட ஆரம்பித்தாள்.