தோளில் தட்டும் கை

ஜூலையில் காளை ஓட்ட விழா நாட்களில், ஸ்பெயினில் இருக்கும் எங்கள் பாம்ப்லோனாவில் யாரும் ஒழுங்காகத் தூங்குவதில்லை. அன்று காலையும் நானும் என் மச்சினன் பெஞாத்தும் வெள்ளை உடையும் சிவப்புக் கழுத்துத்துணியுமாகத் தெருவுக்கு வந்து சேர்ந்தோம். கல்பாவிய தரை ஈரமாக இருந்தது. இரவெல்லாம் கொட்டிய ஒயினும் மூத்திரமும் கலந்த வாடை. பெஞாத்தை உயிரோடு கூட்டி வரச் சொல்லியிருந்தாள் என் மனைவி நெகானே. அவளுக்கு இருப்பது ஒரே தம்பி.

காளைகளுக்கு முன்னால் ஓடுகிறவனுக்கு எங்கள் ஊரில் ஒரே சட்டம்தான். விழுந்தால் எழக்கூடாது. தலையைப் பொத்திக்கொண்டு கிடக்க வேண்டும். காளைகள் எல்லாம் போனபின் யாராவது தோளில் இரண்டு தட்டு தட்டுவார்கள். அப்போதுதான் எழலாம்.

போன வருடம் விழுந்தவன் எங்களோடு ஓடிய உர்பானோ. தட்டியவன் பெஞாத். ஒரு காளை பின்தங்கி வருவதை அந்த அவசரக்குடுக்கை பார்க்கவில்லை. எழுந்து நின்ற உர்பானோவின் தொண்டையில் கொம்பு இறங்கியது.

இந்த வருடம் ஓட வேண்டாம் என்று பெஞாத்திடம் கெஞ்சிப் பார்த்தேன்.

"ஓடலைன்னா உர்பானோ என்னைத் தூங்க விடமாட்டான், அத்தான்."

சுவர் மாடத்தில் சிலையாக நின்ற புனித ஃபெர்மினை நோக்கி, காளையை விலக்கக் கையில் வைத்திருந்த சுருட்டிய செய்தித்தாள்களை உயர்த்தி, காப்பாற்றும்படி பாடினோம். பெஞாத் மட்டும் வாய் திறக்கவில்லை.

காளைகளைத் திறந்துவிட்டதற்கு அடையாளமாக ராக்கெட் வெடித்தது.

தரை அதிர்ந்தது. வளைவில் பெஞாத் இடறி விழுந்தான், அவன் பக்கத்தில் நான். ஒரு குளம்பு என் முதுகைக் கிழித்துக்கொண்டு போனது. மந்தை கடந்துவிட்டது.

ஒன்று மட்டும் போகவில்லை.

சுவரோரம் மூச்சிரைத்தபடி நின்றது. அசையாதே என்று முணுமுணுத்தேன். பெஞாத் தலையாட்டினான்.

யாரோ தட்டியதுபோல் அவன் தோளில் சட்டைத்துணி அமுங்கியது.

மறுபடியும் அமுங்கியது.

அங்கே யாரும் இல்லை. ஆட்களெல்லாம் மரத்தடுப்பின் மேல் தொற்றிக்கொண்டிருந்தார்கள்.

"உர்பானோ எழுப்புறான், அத்தான்."

அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். துணிதான் கிழிந்து கையோடு வந்தது. பெஞாத் எழுந்தான். காளை அவனைச் சுவரோடு வைத்துக் குத்தியது, உருவியது, மறுபடி குத்தியது. அவன் ரத்தம் கற்களின் இடுக்கு வழியே சூடாக என் கன்னத்துக்கு வந்து சேர்ந்தது. நான் கத்தினேன். ஆனாலும் எழவில்லை.

மதியம் ஆஸ்பத்திரியில் என்னைக் குப்புறப் படுக்க வைத்து முதுகில் தையல் போட்டார்கள். டாக்டர் போனபின் நெகானே ஜன்னலோரம் நின்றபடி, அவன் ஏன் எழுந்தான் என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

என் வலது தோளில் இரண்டு தட்டு விழுந்தது. ஐஸ் போன்ற கை.

பிறகு இடது தோளில் இரண்டு. இந்தக் கையில் இன்னும் சூடு இருந்தது.

"எந்திரிங்க, அத்தான்."

கட்டில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டேன். நெகானே கதவுப் பக்கம் திரும்பினாள். அது என்ன சத்தம் என்று மெதுவாகக் கேட்டாள்.

வராந்தாவின் டைல்ஸ் தரையில் குளம்புகள் நிதானமாக வந்துகொண்டிருந்தன.